சம்பா செத்துப்போன படம்

நவம்பர் 13, வியாழன்

படம் பார்த்தாயிற்று. மும்பை அந்தேரியில் சிறப்புக் காட்சி. ஏசி ஆளை உறைய வைத்தது. இடைவேளைக்குச் சற்று முன் எனக்குக் கண்ணில் நீர் வந்ததற்கும் அதுதான் காரணம். பக்கத்தில் இருந்த தயாரிப்பாளரின் மனைவி வேறு மாதிரி புரிந்துகொண்டு, படம் முடியும்வரை என் கையை விடவே இல்லை.

படத்தின் பெயர் 'ராக் பர் சாந்த்னி'. சாம்பல் மேல் நிலவொளி. முகுல் நான்கு வருஷம் உட்கார்ந்து எழுதியது. கதை என்ன கதை, எங்கள் கதைதான். கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிற்சாலைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கான்பூரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் உதவியாளனாக முகுல். ராணுவக் குடியிருப்புகளில் வளர்ந்ததால் எனக்கு இந்தி தெரியும், மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். போனேன். செண்பகவல்லி என்ற பெயர் அவன் வாயில் நுழையவில்லை. சம்பா ஆனேன்.

படத்தில் கோவில்பட்டி ராஜஸ்தான் ஆகிவிட்டது. தீப்பெட்டிக்குப் பதில் கோட்டை. பெண்ணின் பெயரை மட்டும் மாற்றவில்லை, சம்பாவேதான். அவளுடைய அப்பா கையில் வாள். கடைசியில் ரயிலடிக்குப் பக்கத்தில் எரிந்த வயலில் சம்பாவும் அவனும் செத்து விழுகிறார்கள். சாம்பல், நிலவு, பாட்டு.

நிஜத்தில் நடந்ததை நான் முகுலிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அன்று காலை, போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "கதவச் சாத்திட்டுப் போ. பூனை வந்துரும்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு பதினெட்டு வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. முகுல் முதலில் அதைத்தான் எழுதினான். "பூனைக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?" என்று தயாரிப்பாளர் கேட்டாராம். வாள் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் டாக்சியில் முகுல் கேட்டான், எப்படி இருந்தது என்று.

பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

தண்ணீர் பிடிக்க எழுந்தபோதே முகுல் குளியலறையில் கைபேசியோடு இருந்தான். பத்து மணிவரை விமர்சனம் எதையும் பார்ப்பதில்லை என்று நேற்று மகள் யாமினியின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவன்.

ஒன்றரை நட்சத்திரம். இன்னொன்றில் ஒன்று. மூன்றாவதில் நட்சத்திரமே போடாமல் ஒரு கொட்டாவி விடும் பொம்மை.

"பெயரிலேயே சாம்பல் இருக்கிறது; எரிந்தது உங்கள் டிக்கெட் காசு" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, கெட்டிக்காரத்தனம்தான். மாலைக்குள் இதே சிலேடையை ஐந்து பேர் எழுதிவிட்டார்கள். பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள் போல. என் வேதியியல் மாணவிகள் இப்படிச் செய்திருந்தால் ஐந்து பேருக்கும் பூஜ்யம் போட்டு வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஓர் ஆங்கில நாளிதழ்: "சம்பா ஏன் இவனோடு ஓடுகிறாள் என்பதற்குப் படத்தில் ஒரு காரணமும் இல்லை. இரண்டரை மணி நேரம் தேடினேன்."

முகுல் வாயில் பல்துலக்கும் பிரஷோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். "நீ ஏன் என்கூட வந்தே?" என்று கேட்டான். விளையாட்டாக இல்லை. நிஜமாகவே, ஏதோ ஒரு தகவல் வேண்டும் என்பதைப்போல.

விடைத்தாள் திருத்த வேண்டும், நகரு என்றேன்.

நவம்பர் 15, சனி

முகுல் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வெந்நீர் கெய்சர் வேலை செய்யவில்லை, ஆளைக் கூப்பிடு என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். "சம்பா, என்னுடைய நான்கு வருஷம் செத்துக் கிடக்கு, நீ கெய்சரைப் பத்திப் பேசறே" என்றான். செத்தது யார் என்று எல்லாரும் படத்தில் பார்த்தார்கள்; அது அவனுடைய நான்கு வருஷம் இல்லை.

பிற்பகலில் துணி மடிக்கும்போது நானும் படித்தேன். ஒரு பெண் விமர்சகர் எழுதியிருக்கிறார்: "இந்த இருவரையும் கொன்றதால் எழுத்தாளர் அவர்களைக் காப்பாற்றிவிட்டார். பிழைத்திருந்தால் மூன்றாம் வருஷம் அவள் அவனுடைய காலுறைகளை மடித்துக்கொண்டிருப்பாள், அவன் தன் கவிதைகளை நினைத்து அழுதுகொண்டிருப்பான்."

என் மடியில் அப்போது முகுலின் காலுறைகள் இருந்தன. மூன்றாம் வருஷம் என்பதுதான் தப்பு. ஆறே மாதம்.

சாயங்காலம் ஓர் இந்திப் பத்திரிகையில் நல்ல விமர்சனம் வந்தது. நெஞ்சை உருக்கும் காவியம் என்று. முகுல் எழுந்து உட்கார்ந்து உரக்கப் படித்தான். மூன்றாவது பத்தியில் கதாநாயகனின் பெயர் வேறாக இருந்தது. நான்காவது பத்தியில் காதலர்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அந்த மனிதர் வேறு அரங்குக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். முகுல் மறுபடியும் படுத்துக்கொண்டான்.

நவம்பர் 16, ஞாயிறு

கெய்சர் ஆள் வரவில்லை. முகுல் எழவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னை நோயாளியிடம் பேசுவதைப்போலப் பேசுகிறார்கள். டிசோசா மிஸ் தான் இரண்டு முறை அழுததாகச் சொன்னார். பிறகு, உங்கள் கதைதானாமே, அப்படியானால் நீங்கள் எப்படி உயிரோடு, என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து எனக்கு ஒரு கட்லெட் கொடுத்தார்.

மதிய இடைவேளையில் இன்னொரு விமர்சனம். "படத்தின் பெரிய ஓட்டை அந்தத் தகப்பன். இப்படி ஒரு ஆள் எந்த ஊரிலும் இல்லை. மகள் போகப்போகிறாள் என்று தெரிந்த ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான் என்று எழுதியவர் ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம்."

இந்த ஒன்றுக்காவது இரண்டு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம். ஆனால் முகுல் யோசித்தான். எழுதினான். அதை அடித்தவர்களைப் போய்க் கேட்க வேண்டும். இப்படி யாரை எடுத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. திட்டுகிறவர்கள் மேலும் கோபம், திட்டு வாங்குகிறவன் மேலும் கோபம்.

நாலு மணிக்குக் கோமதி போன் செய்தாள். என் தங்கை. அப்பா வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறாள்.

"ஏக்கா, உன் வீட்டுக்காரரு என்ன சொல்லி வச்சிருக்காரு? நம்ம அப்பா வாளத் தூக்கிட்டு வெரட்டுனாராம்ல?"

எனக்குப் புரியவில்லை. பிறகு அவளே அனுப்பினாள். படம் வருவதற்கு முன் முகுல் ஒரு யூடியூப் சேனலுக்குக் கொடுத்த பேட்டி. அதை நம் ஊர்ப் பையன் எவனோ தமிழில் பேசிப் போட்டிருக்கிறான். தலைப்பு: 'வாளோடு துரத்திய மாமனார்! உண்மைச் சம்பவம்!' கீழே சிவப்பு வட்டத்துக்குள் அப்பாவின் படம். ஓய்வு பெற்ற ராணுவத்தார் சங்கக் கூட்டத்தில் எடுத்தது.

"டீக்கடைல செல்லுல போட்டுக் காட்டியிருக்கானுவ. அப்பா டீயக் குடிக்காமலே எந்திரிச்சு வந்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்ல. ஒண்ணும் சொல்லல. செடிக்குத் தண்ணி ஊத்துனாரு."

"கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்கா விடுதாரா?"

"அக்கா, நான் என்ன பேசிக்கிட்டு இருக்கேன், நீ என்ன கேக்க?"

சும்மா கேட்டேன் என்றேன். ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது என்பதால் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

முகுலோடு சண்டை. நாங்கள் சண்டை போடுவது இந்தியில். கோபம் அதிகமானால் நான் தமிழுக்குத் தாவிவிடுவேன், அவனுக்குத் திட்டு மட்டும் நன்றாகப் புரியும்.

வாள் என்று தான் சொல்லவே இல்லை என்கிறான். உங்கள் மாமனாரும் இப்படித்தானா என்று கேட்டார்கள், நான் சிரித்தேன், அதை வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்கிறான்.

"ஏன் சிரிச்சே?"

"வேற என்ன செய்ய? அவர் பூனையைப் பத்திப் பேசினார்னு சொல்லவா?"

"அதைத்தான் சொல்லணும். தலைப்பைப் பார்த்த பிறகாவது மறுத்திருக்கலாம்ல?"

"படம் வர வாரத்துல மறுப்பு எழுதினா என்னைக் கொன்னுடுவாங்க."

"என்னைத்தான் ஏற்கெனவே கொன்னாச்சே."

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்கு அவர் யார், சம்பா? ஒரு தடவைகூட என்கிட்ட பேசினதில்லை. நீயும் அவரைப் பத்திப் பேசறதில்லை. அந்த ஒரு பூனையைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. நான் எதை வெச்சு எழுத?"

குக்கர் விசில் அடித்ததால் போய்விட்டேன்.

நவம்பர் 19, புதன்

முகுல் மறுப்பு எழுதிப் போட்டான். என் மாமனார் கண்ணியமானவர், வாள் எதுவும் கிடையாது என்று. கீழே வந்த முதல் கருத்து: "அப்போ படம் பொய்யா? காசைத் திருப்பிக் கொடு."

தயாரிப்பாளர் போனில் கத்தினார். எனக்கே கேட்டது.

நவம்பர் 20, வியாழன்

யாமினி தோழிகளோடு படம் பார்த்துவிட்டு வந்தாள். போகாதே என்று சொல்லியிருந்தேன். பதினைந்து வயதில் யார் கேட்கிறார்கள்? அரங்கில் பாதிகூட இல்லையாம். சம்பா சாகும்போது பின் வரிசையில் சிரித்தார்களாம்.

"நான் சிரிக்கலம்மா" என்றாள். பையைக்கூட இறக்காமல் நின்றாள். "தாத்தா நிஜத்துல எப்படி?"

இவள் இதுவரை கேட்டதில்லை. ஜடையைப் பற்றிச் சொன்னேன். அம்மா போன பிறகு எனக்கும் கோமதிக்கும் அப்பாதான் தலை பின்னிவிடுவார். ராணுவத்தில் கயிறு முறுக்கியவர் மாதிரி பின்னுவார். புருவம் மேலே ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் எப்போதும் ஆச்சரியப்படும் பிள்ளைகள் என்பார்கள். யாமினி சிரித்தாள்.

பிறகு, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனதையும் சொன்னேன். வாசலில் எங்களைப் பார்த்ததும் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். மறுநாள் நாங்கள் ரயில் ஏறும்வரை வீட்டுக்கு வரவில்லை. சங்கக் கட்டடத்தில் படுத்திருந்தார் என்று கோமதி பிறகு சொன்னாள்.

யாமினி பையை இறக்கி வைத்தாள். "அப்போ அவரும் வீட்டை விட்டு ஓடியிருக்கார்."

போய்ப் படி, பரீட்சை வருகிறது என்றேன்.

நவம்பர் 22, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கோமதி அழுதுகொண்டே கூப்பிட்டாள். அப்பாவைக் காணவில்லை. விடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மஞ்சள் பையோடு கிளம்பிப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் மதுரை பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தாராம்.

"மதுரைல யாருக்கா இருக்கா நமக்கு? கண்ணாஸ்பத்திரிக்கு அடுத்த மாசந்தான் வரச் சொல்லிருக்காங்க. எங்க வீட்டுக்காரரு பைக்க எடுத்துட்டுத் தேடப் போயிருக்காக. டீக்கடைல அன்னைக்கு அதப் போட்டுக் காட்டுனதுல இருந்து ஒருமாதிரியாத்தான் இருந்தாரு."

நீ அழாதே, வந்துவிடுவார் என்றேன். போனை வைத்த பிறகு அடுப்பில் என்ன இருந்தது என்றே எனக்கு நினைவில்லை. ரசம் முழுவதும் வற்றிக் கருகிவிட்டது. நான் அழவில்லை. புகை.

முகுல் எழுந்து வந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். பச்சைத் தண்ணீரில் குளித்தான், சட்டை போட்டுக்கொண்டான், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைபேசியில் எதையோ தேடினான். இந்த நேரத்திலும் விமர்சனமா என்று நான் கத்தப் போனேன்.

"சம்பா, நம்ம படம் மதுரையில ஒரு தியேட்டர்ல ஓடுது" என்றான். "பகல் காட்சி மட்டும்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

விநியோகஸ்தரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, தியேட்டர் மேலாளரின் எண் கிடைப்பதற்குள் காட்சி முடியும் நேரம் வந்துவிட்டது. நான்தான் பேசினேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தாரும்மா. மொத்தமே ஆறு பேரு. அதனால ஞாபகம் இருக்கு. இந்திப் படம் பெரியவரே, எழுத்துகூட இங்கிலீஷ்லதான் ஓடும்னேன். நான் மிலிட்டரி, இந்தி தெரியும், டிக்கெட்டக் குடுன்னாரு."

"இப்ப இருக்காரா?"

"முடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயிட்டாரே."

"கோவமாப் போனாரா?"

"தெரியலம்மா. தண்ணி எங்க இருக்குன்னு கேட்டாரு. குழாய்ல ரொம்ப நேரம் மூஞ்சியக் கழுவிக்கிட்டு நின்னாரு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டாரு. யாருங்க, உங்க அப்பாங்களா?"

ஆமாம் என்றேன். படத்தில் வருபவர் மாதிரி இல்லையே என்று அவர் சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

பொழுது சாய்வதற்குள் கோமதி கூப்பிட்டாள். அப்பா வந்துவிட்டார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, வேலை இருந்தது என்றாராம். இரண்டு தோசை சாப்பிட்டாராம்.

கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவியிருக்கிறார். எழுபத்தாறு வயது மனிதருக்கு இதைக்கூட ஒருவர் சொல்ல வேண்டுமா?

நவம்பர் 23, ஞாயிறு

சாம்பாருக்குப் பருப்பு வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யாமினி என் கைபேசியை நீட்டியபடி ஓடிவந்தாள். திரையில் 'அப்பா' என்று இருந்தது. அவருடைய எண்ணை எப்போது அதில் ஏற்றினேன் என்று எனக்கே தெரியாது. இதுவரை அது ஒளிர்ந்ததில்லை.

எடுத்து, ஹலோ என்றேன்.

"முகுல் இருக்காரா?"

அதே குரல். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. பதினெட்டு வருஷம் கழித்துப் போன் செய்து, முகுல் இருக்காரா. போனைக் கொண்டுபோய் முகுலின் கையில் கொடுத்துவிட்டு வந்து மீதி வெண்டைக்காயை நறுக்கினேன். என்ன வேகத்தில் நறுக்கினேன் என்றால், ஒரு துண்டுகூட மற்றதன் அளவில் இல்லை.

உள்ளே முகுல் "ஜீ, ஜீ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவின் இந்தி சமையலறைவரை கேட்டது. ராணுவ இந்தி, ஒவ்வொரு வாக்கியமும் கட்டளை. அந்த நடிகனுக்கு வாளைப் பிடிக்கத் தெரியவில்லை. போலீஸ்காரன் தொப்பி தப்பு. முதல் பாதியில் பாட்டு அதிகம். முகுல் இடையில் ஒருமுறை ஏதோ சமாதானம் சொல்லப் போனான். "பஹ்லே சுனோ!" என்று ஓர் அதட்டல், முதலில் கேளாம். மறுபடியும் ஜீ.

பிறகு அந்தப் பக்கம் குரல் தாழ்ந்துவிட்டது. முகுலும் ஜீ சொல்வதை நிறுத்திவிட்டான். நான் கத்தியை வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன்.

முகுல் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். முகம் ஒருமாதிரி இருந்தது.

"ஒன்றரை நட்சத்திரம்கூட அதிகம்ங்கறார்" என்றான். "அப்புறம், நீ பெட்டி கட்டினது அவருக்கு நாலு நாளாத் தெரியுமாம். தினமும் நீ காலேஜுக்குப் போன பிறகு திறந்து பார்ப்பாராம், இன்னும் என்னென்ன வெச்சிருக்கேன்னு. உன்கிட்ட ஸ்வெட்டர் இல்லைன்னு பார்த்து, தன்னோடதை அடியில வெச்சாராம். ஒரு தகப்பன் இதைத்தான் செய்வான், இது ஏன் படத்துல இல்லைன்னு கேக்கறார்."

அந்தப் பச்சை ஸ்வெட்டர். கோமதி வைத்தது என்று நினைத்து இத்தனை வருஷமாக அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளும் வாங்கிக்கொண்டிருக்கிறாள், கழுதை.

"நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்டான் முகுல்.

போனைப் பிடுங்கினேன்.

"அப்பா, நான் ஒருத்தி இங்க இருக்கேன்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயரப் போய்விட்டது. "எத்தன வருசம் ஆச்சு! எங்கிட்டப் பேசணும்னு தோணல, இந்தப் பாடாவதிப் படத்தப் பத்திப் பேசணும்னு தோணிச்சாக்கும்? கண்ணு ஆபரேசன் பண்ண மனுசன் பஸ் ஏறிப் போயி, இருட்டுல உக்காந்து, குழாய்த் தண்ணில மூஞ்சியக் கழுவி... அறிவு வேண்டாமா?"

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"அந்தப் பிள்ள விழுந்ததும் நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்" என்றார். தமிழில், எப்போதும் பேசும் குரலில். "அதுக்கப்புறம் என்ன காமிச்சான்?"

"ஒண்ணும் இல்லப்பா. சாம்பலு, நிலா. அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

"நீ சாகலல்லா?"

"இல்லப்பா."

"அப்புறம் அது எப்படி முடியும்?" என்றார், ஏதோ நான் எழுதி நான் எடுத்த படம் மாதிரி. "சரி, ரயில் ஏறுனதுல இருந்து சொல்லு."

இப்போதேவா என்று கேட்டேன். எனக்கு வேற என்ன வேலை இருக்கு என்றார்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். யாமினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைப் போனுக்கு அருகில் கொண்டுவந்தாள். ரயிலில் எதிரே இருந்த குடும்பம் புளியோதரை கொடுத்ததைச் சொன்னேன். பூனாவுக்கு அப்புறம் குளிர் எடுத்ததைச் சொன்னேன். "ம்" என்றார். தாதரில் இறங்கும்போது கொட்டிய மழையைச் சொன்னேன். குடை இருந்துச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த மழையில் முகுல் என்னை எங்கே நிறுத்தினான், எத்தனை நேரம் நிறுத்தினான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

நடுவில் முகுல் வந்து பருப்பு அடுப்பை அணைத்துவிட்டுப் போனான். நான் அப்போது தாதரைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.